மூச்சறிந்து எடுக்கும் படம்

ஏனாத்தூரிலிருந்து நமது இதழின் நெடுநாளைய வாசகியான சகோதரி ஒருவர் சென்ற மாதம் ஒரு மடல் எழுதியிருந்தார். ஆறு பக்கங்கள். வழக்கமாக இப்பகுதிக்கு வரும் மடல்கள், சர்க்கரை நோயாளி என்ன உண்ணலாம், பிள்ளைக்குப் பூச்சி மருந்து எப்போது கொடுக்கலாம் என்ற அளவில் நின்றுவிடும். இம்மடல் அப்படிப்பட்டதன்று. படித்து முடித்தபின் நெடுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தோம்.

அவருடைய தந்தை பட்டுத் தறியில் நாற்பது ஆண்டுகள் உழைத்தவர். பீடிப் பழக்கம் இருந்தது. பேரப்பிள்ளைகள் பிறந்தபின் விட்டுவிட்டார். பொங்கலுக்குப் பிறகு பிடித்த இருமல் நிற்கவில்லை. மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய இருமல் மருந்து மூன்று புட்டிகள் தீர்ந்தன. சளியில் இரத்தம் கண்டபோதுதான் மருத்துவமனைக்குப் போனார்கள். காசநோயாக இருக்குமோ என்று சளியைச் சோதித்தார்கள்; இல்லை. படம் எடுத்ததில் இடது நுரையீரலின் அடிப்பகுதியில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. சதை எடுத்துச் சோதித்ததில் அது புற்றுநோய் என்று தெரிந்தது. நல்லவேளையாக வேறெங்கும் பரவியிருக்கவில்லை. அறுவை சிகிச்சையைத் தாங்கும் வலு நுரையீரலுக்கு இல்லை. ஆகவே கதிர்வீச்சு, அதாவது நம் ஊர்களில் ‘கரண்டு வைத்தல்’ என்கிறோமே, அதைச் செய்தால் குணமாக நல்ல வாய்ப்பு உண்டு என்று மருத்துவர்கள் கூறினர்.

சிகிச்சைக்குமுன் எடுக்கவேண்டிய சி.டி. ஸ்கேனுக்காக விடியற்காலைப் பேருந்தில் சென்னைக்குப் போனார்கள். பெரியவரை மேசைமேல் படுக்கவைத்து, இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, வயிற்றின்மேல் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி ஒன்றை வைத்து, ஒரு மணி நேரத்திற்குமேல் முயன்றார்கள். பிறகு, “மூச்சு ஒரே சீராக வரவில்லை, படம் சரியாக விழவில்லை, ஒரு வாரம் மூச்சுப் பழகிக்கொண்டு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் புயல் எழுந்தது. “படமே எடுக்கத் தெரியாதவர்கள் வைத்தியம் எப்படிப் பார்ப்பார்கள்? நம்மை அலைக்கழிக்க இது ஒரு சாக்கு” என்று அண்ணன் கொதித்தாராம். பக்கத்து ஊரில் நாட்டு மருந்து கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார், அங்கே போகலாம் என்று உறவினர் சிலர். பெரியவர் மட்டும் ஒன்றே ஒன்று சொன்னார்: “இத்தனை வயசுக்கு மேல எனக்கு மூச்சு விடத் தெரியலைன்னு சொல்லிட்டாங்களேம்மா.” அதன்பின் அவர் அதைப்பற்றி வாய் திறக்கவேயில்லை.

திரும்பப் போவதா, வேண்டாமா? இதுவே சகோதரியின் கேள்வி.

போகத்தான் வேண்டும், சகோதரி. மடல் கிடைத்த அன்றே இதை உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டோம். ஆயினும் இதே ஐயம் வேறு குடும்பங்களிலும் எழக்கூடும் என்பதால், கதிர்வீச்சுத் துறையில் பணிபுரிவோர் சிலரைக் கண்டு கேட்டறிந்தவற்றையும் படித்தறிந்தவற்றையும் சேர்த்து இம்மாதம் இங்கே விரிவாக எழுதுகிறோம். உலகெங்கும் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 25 இலட்சம் பேருக்கு நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாக உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. இந்தியாவில் அவ்வாண்டின் மதிப்பீடு 81 ஆயிரத்திற்கும் மேல். நம் பங்குகளிலும் இப்படிப்பட்ட வீடுகள் உண்டு என்பதை நாம் அறிவோம்.

முதலில், ‘கரண்டு வைப்பது’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மின்சாரத்தை உடலில் பாய்ச்சுவது என்று எண்ணி அஞ்சுவோர் இன்றும் இருக்கின்றனர். உடலில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. எலும்பு முறிந்தால் எடுக்கிறோமே எக்ஸ்-ரே, அதே இனத்தைச் சேர்ந்த, ஆனால் அதைவிடப் பன்மடங்கு வலிமை மிக்க கதிர்கள் அவை. படும்போது வலி தெரியாது. புற்றுநோய் அணுக்கள் பெருகும் ஆற்றலை அக்கதிர்கள் அழிக்கின்றன. நம் தமிழகம் இத்துறையில் முன்னோடியாக விளங்கியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் தொடங்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனையில், 1957ஆம் ஆண்டிலேயே கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரம் நிறுவப்பட்டது. லீனியர் ஆக்ஸிலரேட்டர் எனப்படும் அடுத்த தலைமுறை இயந்திரம் 1976இல் வந்தது. பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. அங்கே தம் வாழ்நாளெல்லாம் உழைத்த டாக்டர் சாந்தா அவர்கள் 2021இல் மறைந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அந்நாளில் கதிரை எங்கே செலுத்துவது என்பதை விலா எலும்புகளையும் முதுகெலும்பையும் அடையாளமாகக் கொண்டு முடிவு செய்தார்கள். சாதாரண எக்ஸ்-ரே படமே வழிகாட்டி. இன்றைய இயந்திரம் தனக்குக் காட்டிய இடத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நுணுக்கமாகக் கதிரைச் செலுத்த வல்லது. ஆனால் இடத்தைக் காட்டுவது படம். அது தவறான இடத்தைக் காட்டினால் இயந்திரமும் அத்தவறான இடத்தையே குறி தவறாமல் தாக்கும்.

மூளையிலுள்ள கட்டி நகராது. நுரையீரலிலுள்ள கட்டியோ மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் இடையே உதரவிதானம் என்னும் கவிகை போன்ற தசை இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது அது கீழிறங்குகிறது, விடும்போது மேலேறுகிறது. அதை ஒட்டியுள்ள நுரையீரலின் அடிப்பகுதியில் கட்டி இருந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சென்டிமீட்டர், சிலருக்கு இரண்டு சென்டிமீட்டர் அல்லது அதற்கும் மேலாக அது இடம் மாறும். மேற்பகுதியில் இருந்தால் அசைவு மிகக் குறைவு. நிமிடத்திற்குப் பதினைந்து மூச்சு என்று கொண்டால், ஏனாத்தூர்ப் பெரியவரின் நெல்லிக்காய் ஒரு மணி நேரத்தில் தொள்ளாயிரம் முறை ஊஞ்சலாடுகிறது. அதுவும் நேர்க்கோட்டில் போய் அதே கோட்டில் திரும்புவதில்லை. போகும்போது ஒரு வழி, திரும்பும்போது சற்று விலகி வேறு வழி.

சி.டி. ஸ்கேனை உருவாக்கியவர் இங்கிலாந்தில் இசைத்தட்டு வெளியிட்டு வந்த இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டு. 1971 அக்டோபரில் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் முதல் நோயாளிக்குப் படம் எடுக்கப்பட்டது. அவர் எடுத்தது தலையை. ஒரு சுற்றுப் படத்திற்குச் சில நிமிடங்கள் ஆன அந்தக் காலத்தில், அசையாமல் வைத்திருக்கக்கூடிய உறுப்பு தலைதான். 1979இல் அவருக்கும், அமெரிக்காவில் பணியாற்றிய கார்மக் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய இயந்திரம் ஒரு சுற்றை அரை நொடிக்குள் முடித்துவிடும். அப்படியும், மார்பு முழுவதையும் பட்டை பட்டையாக எடுத்து முடிப்பதற்குள் மூச்சு மாறிவிடுகிறது. கட்டியின் தலைப்பகுதி மூச்சு உள்ளே போகும்போதும், அடிப்பகுதி வெளியே வரும்போதும் படமாகும். ஆகவே படத்தில் கட்டி உள்ளதைவிட நீண்டோ, குறுகியோ, சிலவேளை இரண்டு துண்டாகவோ தெரியும்.

இதற்குப் பழைய பரிகாரம் ஒன்று இருந்தது. கட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் தாராளமாக இடம் விட்டு அந்த வட்டம் முழுவதற்கும் கதிர் வைத்துவிடுவது. எலியைப் பிடிக்க வைக்கோற்போரைக் கொளுத்துவது போலத்தான். வேறு வழி இல்லாதபோது அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அதன் விலை பெரிது. நல்ல நுரையீரல் வெந்து, சில வாரங்களுக்குப்பின் மூச்சிரைப்பும் வறட்டு இருமலும் வரும். அருகே இதயம் இருக்கிறது, உணவுக்குழாய் இருக்கிறது, தண்டுவடம் இருக்கிறது. ஏற்கெனவே பீடியால் நைந்துபோன நுரையீரலில் இழப்பதற்கு மிச்சம் எவ்வளவு இருக்கும்?

கதிரை இன்னும் அதிகமாக வைத்தால் நோய் இன்னும் விரைவில் போகும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஒரு காலத்தில் மருத்துவர்களும் அவ்வாறே எண்ணினார்கள். அதை உறுதி செய்வதற்காக அமெரிக்காவில் பெரிய ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. சற்று முற்றிய, ஆனால் மார்புக்கு வெளியே பரவாத நுரையீரல் புற்றுநோயாளிகளில் ஒரு சாராருக்கு வழக்கமான 60 கிரே அளவும் (கிரே என்பது கதிரின் அளவைக் குறிக்கும் அலகு), மறு சாராருக்கு 74 கிரே அளவும் கொடுக்கப்பட்டன. 2015இல் வெளியான முடிவு எல்லாரையும் திகைக்க வைத்தது. குறைந்த அளவு பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 28.7 மாதங்கள், மிகுதியாகப் பெற்றவர்களுக்கோ 20.3 மாதங்கள்தாம். இதயத்தின்மேல் விழுந்த கதிரும் இதற்குக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டப்பட்டது. நல்ல உறுப்புகளைக் காப்பதும் சிகிச்சையின் ஒரு பாதி என்பது அன்று ஐயமறத் தெரிந்தது.

மறுபுறம், சிறிய கட்டியை மட்டும் கூர்மையாகக் குறிவைத்து, மிக வலிய கதிரை ஒருசில தவணைகளிலேயே செலுத்தும் முறை 1990களில் ஸ்வீடனில் தொடங்கி உலகெங்கும் பரவியது. அறுவைக்குத் தகுதியற்ற, தொடக்க நிலை நோயாளிகள் 55 பேரிடம் மூன்றே தவணைகளில் 54 கிரே கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2010இல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களில் 97.6 விழுக்காட்டினருக்கு மூலக் கட்டி கட்டுக்குள் இருந்தது. ஏனாத்தூர்ப் பெரியவருக்குச் சொல்லப்பட்டதும் இத்தகைய சிகிச்சையே. முப்பது தவணையில் ஒரு நாள் குறி சற்றுத் தவறினால் மறுநாள் ஈடு செய்யலாம். மூன்றே தவணையில் அதற்கு இடமில்லை. அந்தப் படத்திற்காக ஏன் அத்தனை பாடுபட்டார்கள் என்பது இப்போது விளங்கும்.

அவர்கள் எடுக்க முயன்ற படத்திற்கு நாற்பரிமாண சி.டி. என்று பெயர். நீளம், அகலம், உயரம் என்ற மூன்றோடு காலத்தையும் நான்காவதாகச் சேர்த்துக்கொள்வதால் அப்பெயர். வயிற்றின்மேல் வைத்த சிறு பெட்டியில் ஒளியைத் திருப்பி அனுப்பும் புள்ளிகள் உள்ளன. காலடிப் பக்கம் பொருத்திய ஒரு காமிரா, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு அப்பெட்டியின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சில இடங்களில் பெட்டிக்குப் பதிலாக வயிற்றில் ஒரு பட்டையைக் கட்டுவார்கள். அந்த ஏற்ற இறக்கம் கணினித் திரையில் அலை அலையாகக் கோடு போடும். இதற்கிடையே சி.டி. இயந்திரம் மார்பின் ஒவ்வொரு பட்டையையும் ஒரு முழு மூச்சுக்குச் சற்றுக் கூடுதலான நேரம் நின்று மீண்டும் மீண்டும் படமெடுக்கும். இப்படிக் குவியும் படங்கள் ஆயிரத்தையும் தாண்டும். ஒவ்வொன்றும் மூச்சின் எந்தக் கட்டத்தில் எடுக்கப்பட்டது என்பதை அலைக்கோடு சொல்லிவிடும் அல்லவா? அதன்படி கணினி அவற்றைப் பத்துக் கட்டுகளாகப் பிரிக்கும். மூச்சு முழுவதும் உள்ளே போன நிலை ஒரு கட்டு, வெளியே வந்த நிலை ஒரு கட்டு, இடைப்பட்டவை மற்றவை. பத்தையும் வரிசையாக ஓட்டிப் பார்த்தால் கட்டி ஏறி இறங்குவது திரைப்படம்போல் தெரியும். அது போய்வரும் பாதை முழுவதையும் மருத்துவர் ஒரு கோட்டால் வளைத்துக் குறித்துக்கொள்வார். அந்த வளையத்திற்குள் மட்டும் கதிர். வெளியே உள்ள நல்ல நுரையீரல் பிழைக்கும்.

இம்முறை உருவானது 2003ஆம் ஆண்டை ஒட்டி, அமெரிக்காவின் ரிச்மண்ட், செயின்ட் லூயிஸ், நியூயார்க் ஆகிய நகரங்களில் ஏறத்தாழ ஒரே சமயத்தில். நியூயார்க் மருத்துவமனையின் பெயர் காஞ்சிபுரத்தாருக்குப் பழக்கமானதுதான். 1968இல் அறிஞர் அண்ணா அறுவை சிகிச்சைக்குப் போன ஸ்லோன் கெட்டரிங் நினைவு மருத்துவமனையே அது. காஞ்சியில் பிறந்த அவர் உணவுக்குழாய்ப் புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3ஆம் நாள் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய அரசு புற்றுநோய் மருத்துவமனை ஏனாத்தூருக்கு அருகே காரைப்பேட்டையில் இருப்பதை நாம் அறிவோம்.

இனி, மூச்சுச் சீராக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வருவோம். இதைச் சகோதரியின் தந்தைக்கு நாம் விளக்கவேண்டியதே இல்லை. அவர் தொழிலிலேயே இதற்கு உவமை இருக்கிறது. காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, ஊடுநூல்களை ஒன்றோடொன்று பிணைப்பதைக் கோர்வை என்பார்கள். ஒருவர் ஒரு பக்கமும் துணையாள் மறு பக்கமும் இருந்து, இருவர் கையும் ஒரே கணக்கில் ஓடினால்தான் கோர்வை நேராக விழும். ஒருவர் கை பிசகினால் கரையும் உடலும் சேருமிடம் பல் இளிக்கும். சேலையை விரித்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

நாற்பரிமாணப் படமும் கோர்வைதான். ஒரு பட்டை ஒரு மூச்சில் எடுத்தது. அடுத்த பட்டை அடுத்த மூச்சில் எடுத்தது. இரண்டு மூச்சும் ஒரே அளவாக இருந்தால் பட்டைகள் பொருந்தும். ஒன்று ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும் இருந்தால், அல்லது நடுவில் ஓர் இருமல் வந்தால், பொருந்தாது. உதரவிதானம் படிக்கட்டு போல் வெட்டுப்பட்டுத் தெரியும். கட்டியின் ஒரு பகுதி காணாமற் போகும், அல்லது இரண்டாகத் தெரியும். மருத்துவர் எந்த உருவை நம்பிக் கோடு போடுவார்?

இது எப்போதோ நேரும் விபத்து என்று எண்ணவேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 50 நோயாளிகளின் படங்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கணக்கின்படி, 45 பேரின் படங்களில் இத்தகைய குறை ஒன்றேனும் இருந்தது. பிசகின் சராசரி அளவு 11.6 மில்லிமீட்டர். மூச்சினால் கட்டி 5 மில்லிமீட்டருக்குமேல் அசைந்தாலே அதற்குத் தனி ஏற்பாடு செய்யவேண்டும் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2006இல் அறிவுறுத்தியிருந்தது. அதைவிட இருமடங்கு பெரிய பிசகு படத்திலேயே இருக்கிறது என்றால் என்ன சொல்வது? ஜெர்மனியின் ஹாம்பர்க் மருத்துவர்கள் மற்றொன்றையும் 2020இல் எடுத்துக்காட்டினர். நுரையீரலுக்கும் ஈரலுக்கும் பரவிய கட்டிகளுக்கு இவ்வாறு கூர்மையான கதிர் பெற்றவர்களில், திட்டமிடும் படத்தில் குறை இருந்தவர்களுக்குக் கட்டி மீண்டும் தலைதூக்குவது கூடுதலாக இருந்தது. குறையுள்ள படத்தையே போதும் என்று வைத்துக்கொண்டிருந்தால் பெரியவர் அன்றே மகிழ்ச்சியாக ஊர் திரும்பியிருப்பார். திருப்பி அனுப்பியவர்கள் அவருக்கு நன்மையே செய்தார்கள். இதைக் கூறும்போதே, அவர்கள் இன்னும் ஐந்து நிமிடம் செலவிட்டு இக்காரணத்தை அவருக்கு விளக்கியிருக்கலாம் என்றும் கூறவேண்டியிருக்கிறது. காரணம் தெரியாமல் ஊர் திரும்பிய ஒரு முதியவர், தமக்கு மூச்சு விடக்கூடத் தெரியவில்லை என்று ஒரு வாரம் மனம் நொந்து கிடந்தார்.

படத்தைச் செம்மையாக்க இப்போது பல பக்கங்களிலிருந்து முயற்சி நடக்கிறது. பெரிய மாற்றம் இயந்திரத்திலேயே வந்துகொண்டிருக்கிறது. பழைய முறையில் இயந்திரம் தன்பாட்டில் படமெடுத்துக்கொண்டே போகும். மூச்சு எப்படி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. கட்டுப் பிரிப்பதெல்லாம் பிறகுதான். புதிய முறையில் இயந்திரம் மூச்சின் அலையை அவ்வப்போதே கவனிக்கிறது. சீரான மூச்சு வரும்போது மட்டும் கதிரைத் திறக்கிறது. இருமலோ பெருமூச்சோ வந்தால் மூடிக்கொண்டு காத்திருக்கிறது. அந்தப் பட்டைக்கு வேண்டிய எல்லாக் கட்டங்களும் கிடைத்த பிறகே அடுத்த பட்டைக்கு நகர்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் பால் கீல் என்பாரின் குழுவும், ஹாம்பர்க் குழுவும் இதில் முன்நிற்கின்றனர். சீமென்ஸ் நிறுவனம் இவ்வகை ஏற்பாட்டைத் தன் இயந்திரங்களில் சேர்த்து விற்பனைக்கும் கொண்டுவந்துவிட்டது. எடுத்த படத்தில் உள்ள பிசகைக் கணினியைக் கொண்டு பிறகு நேராக்கும் முயற்சிகளும் உண்டு. அவை பயனுள்ளவையே, ஆயினும் இல்லாத ஒன்றைக் கணினி ஊகித்து நிரப்புவதைவிட, உள்ளதை ஒழுங்காக எடுப்பதே மேல் என்பது நம் எளிய கருத்து.

அப்படிப்பட்ட புதிய இயந்திரம் எல்லா ஊருக்கும் வந்துசேர நாளாகும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை போன்ற பெரிய நிலையங்களில் நாற்பரிமாணப் படம் பழக்கத்தில் உள்ளது. 2019இல் சென்னை தரமணியில் தொடங்கிய புரோட்டான் சிகிச்சை நிலையத்திற்கும் கட்டியின் அசைவு பெரிய விவகாரமே, ஏனெனில் புரோட்டான் கதிர் போய் நிற்கும் ஆழம் சிறிது மாறினாலும் விளைவு மாறும். ஆனால் செலவே இல்லாத ஒரு மருந்து இப்போதே கையில் இருக்கிறது. அதுதான் மூச்சுப் பழக்கம்.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ளவேண்டும். ஆழமாக மூச்சு இழுத்துவிடும் பயிற்சி அன்று இது. யோகாசன வகுப்பில் சொல்லித்தரும் மூச்சும் அன்று. ஆழமாக இழுத்தால் கட்டி இன்னும் அதிகம் அசையும், வேண்டியதற்கு நேர்மாறாகிவிடும். இயல்பாக, அமைதியாக, ஒன்றுபோல் ஒன்றாக விடும் மூச்சே தேவை. சில நிலையங்களில் ஒலிபெருக்கியில் “உள்ளே, வெளியே” என்று தாளம்போல் சொல்வார்கள். சிலவற்றில் நோயாளியின் மூச்சு அலையையே திரையில் காட்டி, இந்தக் கோட்டிற்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். சிலருக்கு மூச்சை அடக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்வதும், வயிற்றை ஒரு பலகையால் இலேசாக அழுத்திக் கட்டியின் ஆட்டத்தைக் குறைப்பதும் உண்டு. எது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர்தாம் முடிவு செய்யவேண்டும். வீட்டில் நாமாக ஒன்றைக் கண்டுபிடித்துப் பழகிக்கொண்டு போனால் அங்கே குழப்பமே மிஞ்சும். படமெடுத்த அன்று எப்படி மூச்சு விட்டாரோ அப்படியே சிகிச்சை நாள் ஒவ்வொன்றிலும் விடவேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். படம் ஒரு மூச்சுக்கும் சிகிச்சை வேறு மூச்சுக்கும் என்றால் பட்ட பாடெல்லாம் வீண்.

மூச்சோடு, கையையும் பழக்கவேண்டியிருக்கிறது. இரு கைகளையும் தலைக்குமேல் வைத்து அரைமணி நேரம் அசையாமல் படுப்பது முதியவர்களுக்கு எளிதன்று. தோள் வலித்தால் மூச்சும் தடுமாறும். வீட்டிலேயே பாயில் படுத்துச் சிறிது சிறிதாகப் பழகுவது நல்லது. தோள் வலி தாங்கவில்லையெனில் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். இருமல் மிகுதியாக இருந்தால் அதையும் சொல்லவேண்டும். படத்திற்குமுன் அதைத் தணிக்க மருந்து கொடுப்பார்கள். தோலில் வைக்கும் சிறு புள்ளிகளையும் கோடுகளையும் அழுக்கு என்று தேய்த்துக் கழுவிவிடக் கூடாது. அவையே நாள்தோறும் உடலைப் பழைய இடத்தில் கிடத்த உதவும் அடையாளம்.

எல்லா நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கும் இப்படம் தேவை என்று எவரும் எண்ணிவிடவேண்டாம். கட்டி மேற்பகுதியில் அசைவின்றி இருந்தாலோ, நோய் பரவிவிட்ட நிலையில் வலியையோ இரத்தக் கசிவையோ தணிக்க மட்டும் சில தவணைகள் கதிர் வைப்பதாயினும், எளிய படமே போதும். “அந்த ஆஸ்பத்திரியில் அந்த ஸ்கேன் எடுத்தார்கள், நீங்கள் ஏன் எடுக்கவில்லை?” என்று சண்டை பிடிப்பதில் பொருளில்லை. இப்படத்தில் உடல் பெறும் கதிரும் சாதாரண சி.டி.யைவிடச் சில மடங்கு அதிகம். சிகிச்சைக் கதிரோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிது என்றாலும், வீணாக ஏன் பெறவேண்டும்? செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கும் இடமுண்டு. குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் எடுத்துக்கொண்டு, மருத்துவமனையிலேயே உள்ள காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே விசாரித்துவிடுவது நன்று.

சென்ற ஞாயிறன்று மாலை நாம் ஏனாத்தூருக்கே போய்வந்தோம். திண்ணையில் பாய் விரித்துப் பெரியவர் கைகளைத் தலைக்குமேல் வைத்துப் படுத்திருந்தார். வயிற்றின்மேல் ஒரு தீப்பெட்டி. ஆறாம் வகுப்புப் படிக்கும் பேரன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒவ்வொரு மூச்சுக்கும் சிலேட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தான். ஆழமாக இழுக்கக் கூடாது, இயல்பாக விடவேண்டும் என்று மருத்துவமனையில் கேட்டுத் தெரிந்துகொண்டதாகச் சகோதரி சொன்னார். கோர்வைக் கதையை நாம் எடுத்துச் சொன்னபோது பெரியவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நானே பார்த்துக்கிட்டிருப்பேனே, சாமி. தறி மிதிக்கிற கணக்குத்தானே?” என்றார். நிமிடத்திற்குப் பதினான்கு கோடுகள். அடுத்த நிமிடமும் பதினான்கு. அதற்கடுத்த நிமிடம் ஓர் இருமல் வந்து கணக்கைக் கெடுத்தது. பேரன் சிலேட்டைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினான்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலைப் பேருந்தில் புறப்படுகிறார்கள். இம்முறை அண்ணனும் உடன் போகிறார்.